லிண்டன் ஜான்சனும் அமெரிக்க விண்வெளித் திட்டமும்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஆரம்பகால விண்வெளித் திட்டத்தைப் பற்றிக் கட்டுரையோ வீடியோவோ தயாரிப்பவர்கள் லிண்டன் ஜான்சனிடம் வரும்போது இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். சிலர் "ஹூஸ்டனுக்கு நாசாவைக் கொண்டுபோனவர்" என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுகிறார்கள். சிலர் கென்னடிக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் ஆட்டிவைத்தவராகக் காட்டுகிறார்கள். 1957-லிருந்து 1969 வரை ஜான்சன் மூன்று நாற்காலிகளில் இருந்தார். ஒவ்வொன்றிலும் அவரால் செய்ய முடிந்தது வேறு. அந்த வேறுபாட்டைக் கவனிக்காததில்தான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன.

எந்தத் தேதியில் எந்தப் பதவி என்று பார்க்காமல் எழுதுவது

முதலில் இதைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1955 ஜனவரி முதல் 1961 ஜனவரி வரை செனட் பெரும்பான்மைத் தலைவர். 1961 ஜனவரி 20 முதல் துணை அதிபர். 1963 நவம்பர் 22 முதல் 1969 ஜனவரி 20 வரை அதிபர்.

நம் ஊர் வாசகருக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பெரும்பான்மைத் தலைவர் என்றதும் ஆளுங்கட்சிக்காரர் என்று மனம் முடிவு செய்துவிடும். 1957-இல் அதிபர் ஐசனோவர் குடியரசுக் கட்சி; செனட்டில் பெரும்பான்மை ஜான்சனின் ஜனநாயகக் கட்சிக்கு. அதாவது, நம் கணக்குப்படி ஜான்சன் எதிர்க்கட்சித் தலைவர். ஆனால் மசோதாவை நகர்த்தவும், நிறுத்தவும், விசாரணைக்குச் சாட்சிகளை அழைக்கவும் அதிகாரம் உள்ள எதிர்க்கட்சித் தலைவர். இதைச் சொல்லாமல் "அரசு சார்பில் ஜான்சன் விசாரணை நடத்தினார்" என்று எழுதினால் மொத்தக் கதையும் தலைகீழாகிவிடும். அந்த விசாரணையின் குறியே அரசுதான்.

வேடிக்கை என்னவென்றால், மூன்றில் விண்வெளியோடு அவர் பெயர் அதிகம் ஒட்டிக்கொண்ட துணை அதிபர் பதவியில்தான் அவருக்கு அதிகாரம் மிகக் குறைவு. அங்கே அவர் கையில் நாசா இல்லை, பட்ஜெட் இல்லை, கையெழுத்து அதிகாரமும் இல்லை. அதிபர் காது கொடுத்தால் ஆலோசனை சொல்லலாம்.

"ஸ்புட்னிக் பறந்தது, ஜான்சன் நாசாவை உருவாக்கினார்"

இடையில் பத்து மாத வேலை இருக்கிறது, அதில் பல கைகள் இருக்கின்றன. ஸ்புட்னிக்-1 பறந்தது 1957 அக்டோபர் 4, எடை 83.6 கிலோ. ஒரு மாதத்தில், நவம்பர் 3 அன்று, லைக்கா என்ற நாயோடு ஸ்புட்னிக்-2. எடை 508 கிலோ. அமெரிக்க நிபுணர்களைக் கலங்கவைத்தது இந்த இரண்டாவது எண்தான். அவ்வளவு எடையைத் தூக்கும் ராக்கெட், கண்டம் விட்டுக் கண்டம் அணுகுண்டையும் தூக்கும்.

செனட் ஆயுதப்படைக் குழுவின் கீழ் இருந்த 'தயார்நிலை விசாரணைத் துணைக்குழு'வின் தலைவர் ஜான்சன். அதன் அமர்வுகள் நவம்பர் 25 அன்று தொடங்கின. முதல் சாட்சி ஹைட்ரஜன் குண்டை உருவாக்கியவர்களில் ஒருவரான இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லர். அமர்வுகள் நடந்துகொண்டிருக்கும்போதே, டிசம்பர் 6 அன்று, அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளை ஏவ வேண்டிய வான்கார்ட் ராக்கெட் ஏவுதளத்திலிருந்து ஒரு மீட்டரைத் தாண்டியதும் அடங்கி வெடித்தது. அதன் உச்சியில் இருந்த செயற்கைக்கோள் ஒன்றரைக் கிலோகூட இல்லை. விசாரணை நடத்துகிறவருக்கு இதைவிடச் சாதகமான சாட்சி கிடைக்காது.

இந்த இடத்தில் மூன்று குழுக்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புவது வாடிக்கை. மேலே சொன்ன துணைக்குழு விசாரணை மட்டும் நடத்தியது, சட்டம் எழுதவில்லை. சட்டத்தைக் கையாண்டது 1958 பிப்ரவரி 6 அன்று அமைக்கப்பட்ட செனட் சிறப்புக் குழு. அதற்கும் தலைவர் ஜான்சன். நிலைக்குழு அதற்குப் பிறகு வந்தது. 1961 முதல் அதன் தலைவர் ஒக்லஹோமா செனட்டர் ராபர்ட் கெர். பிரதிநிதிகள் சபையில் தனியாக ஒரு தேர்வுக் குழு, தலைவர் ஜான் மெக்கார்மக். 'ஜான்சன் கமிட்டி' என்று மட்டும் எழுதினால் எதைச் சொல்கிறீர்கள் என்றே தெரியாது.

மசோதாவின் முதல் வரைவு வெள்ளை மாளிகையிலிருந்து வந்தது. ஐசனோவரின் அறிவியல் ஆலோசகர் ஜேம்ஸ் கில்லியனின் வட்டமும் பட்ஜெட் அலுவலகமும் சேர்ந்து தயாரித்ததை, ஏப்ரல் 2 அன்று ஐசனோவர் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அனுப்பினார். புதிய அமைப்புக்கு அடித்தளமாக அவர்கள் எடுத்துக்கொண்டது 1915 முதல் இயங்கிய விமான ஆய்வுக் குழுவான நாக்கா. சுமார் 8,000 ஊழியர்கள், லாங்லி, ஏம்ஸ், லூயிஸ் ஆகிய ஆய்வகங்கள், பழகிய பொறியாளர்கள், எல்லாம் தயாராக இருந்தன. நாசா வெறும் நிலத்தில் முளைத்ததாக எழுதுவது இதனால்தான் தவறு.

அப்படியானால் ஜான்சனின் கைவரிசை எங்கே? வரைவில் இருந்த ஆலோசனைக் குழு அவருக்குப் போதவில்லை. ராணுவத்துக்கும் சிவில் அமைப்புக்கும் மேலே நின்று கொள்கை வகுக்கும் வலுவான மன்றம் வேண்டும் என்றார். அதிபருக்கு மேல் இன்னொரு கொள்கைக் குழு என்பதை ஐசனோவர் ஏற்கவில்லை. ஜூலை 7 அன்று இருவரும் நேரில் பேசி வழி கண்டார்கள்: மன்றம் இருக்கும், அதற்குத் தலைவர் அதிபரே. அதுதான் சட்டத்தின் 201-ஆவது பிரிவில் உள்ள தேசிய விமான, விண்வெளி மன்றம். சட்டம் கையெழுத்தானது ஜூலை 29. நாசா இயங்கத் தொடங்கியது அக்டோபர் 1. இந்த இரண்டு தேதிகளையும் "நாசா தொடங்கிய நாள்" என்று மாற்றி மாற்றிப் போடுவதைப் பார்க்கலாம். முதலாவது சட்டத்தின் நாள், இரண்டாவதுதான் அமைப்பின் நாள்.

மன்றத்தை ஐசனோவர் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. 1960-இல் கலைத்துவிடலாம் என்றே காங்கிரசிடம் சொன்னார். செனட் அதை எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டது. பெரும்பான்மைத் தலைவர் யாரென்று நினைவிருக்கும்.

சின்னதாக ஒரு தேதிச் சிக்கல். அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர்-1 புளோரிடாவில் ஏவப்பட்டது 1958 ஜனவரி 31 இரவு 10.48 மணிக்கு. உலகப் பொது நேரப்படி அது பிப்ரவரி 1; இந்திய நேரப்படி பிப்ரவரி 1 காலை 9.18. இரண்டு தேதியும் புத்தகங்களில் இருக்கும். எந்த நேரத்தைப் பின்பற்றுகிறீர்கள் என்று முடிவுசெய்து கட்டுரை முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜான்சன் சொன்னதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்வது

1958 ஜனவரி 7 அன்று தன் கட்சி செனட்டர்களிடம் பேசிய ஜான்சன், விண்வெளியைக் கட்டுப்படுத்துவது உலகத்தைக் கட்டுப்படுத்துவது என்றார். மேற்கோளாகப் போட வசதியான வரி. ஆனால் அதை அன்றைய நிலவரத்தின் விவரிப்பாக எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். அது ஓர் அரசியல்வாதி தன் கட்சிக்குச் சொன்னது. 1960 தேர்தல் அவர் கண்ணில் இருந்தது. அவருடைய உதவியாளர் ஜார்ஜ் ரீடி, ஸ்புட்னிக் பறந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே, இந்த விவகாரம் கட்சியை ஒன்றுசேர்த்து ஜான்சனை அதிபராக்கும் என்ற ரீதியில் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார்.

அதற்காக எல்லாம் நாடகம் என்று எழுதுவதும் சரியல்ல. அரசியல் லாபமும் உண்மையான அக்கறையும் ஒரே ஆளிடம் இருப்பது அதிசயமா என்ன? அந்த விசாரணையில் அவர் கட்சி கட்டி அடிக்கவில்லை. ஐசனோவரைப் பெயர் சொல்லித் தாக்குவதைத் தவிர்த்தார். மன்றம் வேண்டும் என்ற கோரிக்கையில் கடைசிவரை நின்றார். ஐசனோவர் கேட்டுக்கொண்டதால் 1958 நவம்பரில் ஐ.நா.வுக்கே போய் விண்வெளியை அமைதிக்குப் பயன்படுத்துவது பற்றிப் பேசினார். தேர்தல் கணக்கு மட்டும் போடுகிறவர் இதைச் செய்ய மாட்டார்.

ஐசனோவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்ற சித்திரத்தையும் இங்கேயே கழற்றிவிடுங்கள். 1956 முதல் யு-2 உளவு விமானங்கள் சோவியத் மீது பறந்துகொண்டிருந்தன. ஏவுகணைகளில் சோவியத் வெகுதூரம் முன்னேறிவிட்டது என்ற 'ஏவுகணை இடைவெளி' கூச்சல் மிகை என்று அவருக்குத் தெரியும்; எப்படித் தெரியும் என்று வெளியே சொல்ல முடியாது. சோவியத் செயற்கைக்கோள் எல்லா நாடுகளின் மேலும் பறந்தபோது யாரும் ஆட்சேபிக்காதது, நாளை அமெரிக்க உளவுக் கோள்கள் பறக்க அவருக்கு முன்னுதாரணமாகவும் ஆனது. 1960 ஆகஸ்டில் கொரோனா உளவுக் கோளிலிருந்து படச்சுருள் திரும்பிவந்தது. அதற்குப் பின் வந்த படங்கள், இடைவெளி இருந்தது உண்மையில் அமெரிக்காவுக்குச் சாதகமாகத்தான் என்று காட்டின.

ஜான்சனும் பிறகு இதை ஒப்புக்கொண்டார். 1967 மார்ச்சில் நாஷ்வில்லில் பேசும்போது, விண்வெளித் திட்டத்துக்கு 35, 40 பில்லியன் டாலர் செலவழித்தோம், விண்வெளிப் படங்களிலிருந்து கிடைத்த அறிவு மட்டுமே அதைப்போல் பத்து மடங்கு பெறும் என்றார். முன்பு எங்கள் ஊகங்கள் தவறாக இருந்தன என்றும் சேர்த்துச் சொன்னார். 1958 மேற்கோளைப் போடுகிறவர்கள் 1967-ஐயும் சேர்த்துப் போட்டால்தான் படம் முழுமையாகும்.

1961 ஏப்ரல், மே: நாள்வாரியாகப் பார்க்காமல் எழுதுவது

பிழைகள் குவியும் இடம் இதுதான். "ககாரின் பறந்தார், கென்னடி நிலவை அறிவித்தார்" என்ற ஒரு வரிக்குள் ஆறு வாரம் அடைபட்டுக் கிடக்கிறது.

ஏப்ரல் 12: சோவியத்தின் ககாரின் விண்வெளிக்குப் போன முதல் மனிதராகிறார். ஏப்ரல் 17: கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் படையிறக்கம்; இரண்டே நாளில் தோல்வி. ஏப்ரல் 20: கென்னடி ஜான்சனுக்கு ஒரு பக்கக் குறிப்பாணை அனுப்புகிறார். அதில் ஐந்து கேள்விகள். விண்வெளியில் ஆய்வுக்கூடம் வைப்பதிலோ, நிலவைச் சுற்றிவருவதிலோ, நிலவில் ராக்கெட் இறக்குவதிலோ, மனிதனை அனுப்பித் திரும்பக் கொண்டுவருவதிலோ சோவியத்தை முந்த வாய்ப்பு உண்டா? கூடுதல் செலவு எவ்வளவு? இப்போது 24 மணி நேரமும் வேலை நடக்கிறதா, இல்லையென்றால் ஏன்? பெரிய ராக்கெட்டுகளுக்கு அணுசக்தியா, வேதி எரிபொருளா, திரவ எரிபொருளா? முழு முயற்சி எடுக்கிறோமா?

முதல் கேள்வியை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கம். மீதி நான்கையும் படித்தால்தான் கென்னடி நிலவைக் கேட்கவில்லை, ஜெயிக்கக்கூடிய ஏதாவது ஒன்றைக் கேட்டார் என்பது புரியும். நிலவு, பதிலாகத்தான் வந்தது.

அந்தக் குறிப்பாணை ஜான்சனை 'விண்வெளி மன்றத் தலைவர்' என்று அழைக்கிறது. ஆனால் சட்டப்படி அன்றைக்கும் தலைவர் அதிபர்தான். துணை அதிபரைத் தலைவராக்கும் திருத்தத்தில் கென்னடி கையெழுத்திட்டது ஏப்ரல் 25. எனவே "சட்டம் கொடுத்த அதிகாரத்தால் ஜான்சன் ஆய்வை நடத்தினார்" என்று எழுதாதீர்கள். அதிபர் ஒப்படைத்ததால் நடத்தினார்.

ஜான்சனின் பதில் ஏப்ரல் 28 தேதியிட்டது. நிலவைச் சுற்றிவருவதிலும் மனிதனை இறக்கித் திரும்பக் கொண்டுவருவதிலும் கடும் முயற்சி எடுத்தால் 1966 அல்லது 1967-இல் அமெரிக்கா முந்தக்கூடும் என்றது. யாரிடம் கேட்டார் என்ற பட்டியலும் அதிலேயே உண்டு: பாதுகாப்புத் துறை, நாசா, விமானப்படையின் ஜெனரல் ஷ்ரீவர், கடற்படையின் ஹேவர்ட், நாசாவின் ராக்கெட் பொறியாளர் ஃபான் பிரவுன், அரசுக்கு வெளியே மூன்று தொழிலதிபர்கள். ஃபான் பிரவுனின் புகழ்பெற்ற கடிதம் ஏப்ரல் 29 தேதியிட்டது, அதாவது ஜான்சனின் பதிலுக்கு மறுநாள். "ஃபான் பிரவுனின் கடிதத்தைப் பார்த்துத்தான் ஜான்சன் பதில் எழுதினார்" என்ற வரி எத்தனை இடத்தில் வந்தாலும் காலண்டர் அதை ஒப்பாது. அவர் கருத்து ஜான்சனுக்கு முன்பே தெரியும். கடிதம் அதன் எழுத்து வடிவம்.

ஆனாலும் அந்தக் கடிதத்தின் வாதத்தை விடக் கூடாது. மற்ற இலக்குகளுக்குச் சோவியத்திடம் தேவையான ராக்கெட் ஏற்கெனவே இருந்தது, அல்லது அருகில் இருந்தது. நிலவில் மனிதனை இறக்க வேண்டுமென்றால் அவர்களுடைய ராக்கெட்டும் பத்து மடங்கு வளர வேண்டும். இரண்டு பேருமே பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டிய இலக்கைத் தேர்ந்தெடுத்தால் முன்னிலை அழிந்துபோகும். நிலவு ஏன் என்ற கேள்விக்குத் தொழில்நுட்ப விடை இதுதான். வீரமோ கனவோ அதற்கு மேல் பூசப்பட்டவை.

மே 5 அன்று விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கராக ஷெப்பர்ட் பறந்தார். மே 8 அன்று நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்பும் பாதுகாப்புச் செயலர் மெக்நமாராவும் கையெழுத்திட்ட விரிவான அறிக்கையை ஜான்சன் கென்னடியிடம் சேர்த்தார். முடிவின் உண்மையான அடித்தள ஆவணம் அது. பிறகு ஜான்சன் ஆசியச் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார். சைகோன், மணிலா, பாங்காக், புது டில்லி, கராச்சி என்று அவர் சுற்றிக்கொண்டிருந்த நாள்களில்தான், நிலவு இலக்கைக் கென்னடி காங்கிரசில் அறிவித்த மே 25 உரை தயாரானது. உரையின் வரிகளுக்கு அவரைப் பொறுப்பாக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

அந்த உரையில் கென்னடி கேட்ட தொகை 1962 நிதியாண்டுக்குக் கூடுதலாக 531 மில்லியன் டாலர். அடுத்த ஐந்தாண்டுகளில் கூடுதலாக 7 முதல் 9 பில்லியன். நிலவுக்கு மட்டும் இல்லை. அணுசக்தி ராக்கெட்டுக்கும், தகவல் தொடர்புக் கோள்களுக்கும், வானிலைக் கோள்களுக்கும் சேர்த்து. "நிலவுக்கு 531 மில்லியன்" என்று எழுதுவது உரையைப் படிக்காததற்கு அடையாளம்.

நிலவுத் திட்டமான அப்பல்லோவைக் கென்னடி தொடங்கினார் என்பதும் பாதி உண்மைதான். அந்தப் பெயரை நாசா அறிவித்தது 1960 ஜூலையில், ஐசனோவர் காலத்தில். நிலவுக்கு மனிதர்களைக் கொண்டுபோன சாட்டர்ன்-5 ராக்கெட்டின் அடியில் ஐந்தாக நின்ற எஃப்-1 எஞ்சினுக்கு ராக்கெட்டைன் நிறுவனத்துடன் நாசா ஒப்பந்தம் போட்டது 1959 ஜனவரியில். ஒவ்வோர் எஞ்சினுக்கும் 15 லட்சம் பவுண்டு உந்துவிசை, சுமார் 680 டன். அந்த எஞ்சின் வேலை முன்பே தொடங்கியிராவிட்டால் 1961-இல் எவர் எந்த உரை ஆற்றியிருந்தாலும் 1960-கள் முடிவதற்குள் வேலை முடிந்திருக்காது.

ஹூஸ்டன்: "சொந்த மாநிலத்துக்கு வாரிக் கொடுத்தார்"

ஹூஸ்டன் இருப்பது ஜான்சனின் சொந்த மாநிலமான டெக்ஸாஸில். இந்தப் பேச்சில் உண்மை உண்டு. ஆனால் ஆளை மாற்றிச் சொல்கிறார்கள். ஹூஸ்டனுக்கு நாசாவின் மனித விண்கல மையம் வர முக்கியமாக அழுத்தம் கொடுக்கக்கூடிய இடத்தில் இருந்தவர் அந்த ஊரின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஆல்பர்ட் தாமஸ். நாசாவின் பணத்தை ஒதுக்கும் துணைக்குழுவுக்கு அவர்தான் தலைவர். நம் நாடாளுமன்றக் குழுக்கள் பரிந்துரைதான் செய்யும். அமெரிக்க ஒதுக்கீட்டுத் துணைக்குழுத் தலைவர் பேனாவால் அடித்தால் பணம் போய்விடும். துணை அதிபர் ஜான்சனைவிட நாசா அதிகாரிகள் பயந்தது தாமஸுக்குத்தான் என்று சொன்னால் மிகையில்லை.

நடந்த முறை இப்படி: 1961-இல் ஒரு தேர்வுக் குழு 23 இடங்களைப் பார்த்தது. படகுப் போக்குவரத்துக்கு நீர்வழி, மிதமான வானிலை, எல்லாப் பருவத்திலும் இயங்கும் விமான நிலையம், அருகில் பல்கலைக்கழகமும் தொழிற்சாலைகளும், குறைந்தது 1,000 ஏக்கர் ஆகியவை நிபந்தனைகள். முதலிடம் புளோரிடாவின் டாம்பா அருகே மெக்டில் விமானப்படைத் தளத்துக்கு; அந்தத் தளம் மூடப்படும் என்ற எதிர்பார்ப்பில். விமானப்படை மூடவில்லை. இரண்டாவதாக இருந்த ஹூஸ்டன் மேலே வந்தது. செப்டம்பர் 19 அன்று அறிவிப்பு. ஹம்பிள் ஆயில் நிறுவனம் ரைஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த நிலத்திலிருந்து சுமார் 1,000 ஏக்கரைப் பல்கலைக்கழகம் நாசாவுக்குக் கொடுத்தது.

இதில் ஜான்சன் வட்டாரத்தின் நிழல் விழும் இடம் ஜார்ஜ் பிரவுன். பிரவுன் அண்ட் ரூட் கட்டுமான நிறுவனத்தை நடத்தியவர்களில் ஒருவர், ஜான்சனின் நீண்டகால ஆதரவாளர், ரைஸ் அறங்காவலர் குழுத் தலைவர், ஏப்ரல் 28 பட்டியலில் இருந்த மூன்று தொழிலதிபர்களில் ஒருவர். மையத்தின் வடிவமைப்புப் பணி கிடைத்த நிறுவனங்களில் பிரவுன் அண்ட் ரூட்டும் ஒன்று. இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும்; வாசகர் புரிந்துகொள்வார். "லஞ்சம்" என்ற சொல்லுக்கு ஆவணம் வேண்டும்.

ஒப்பந்தங்கள்: டெக்ஸாஸ் கண்ணாடி போட்டுப் பார்ப்பது

பெரும்பணம் போனது டெக்ஸாஸுக்கு இல்லை. அப்பல்லோ கட்டளைக் கலமும் சாட்டர்ன்-5 இரண்டாம் அடுக்கும் கலிபோர்னியாவின் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனுக்கு. முதல் அடுக்கு போயிங், மூன்றாம் அடுக்கு டக்ளஸ், நிலவில் இறங்கும் கலம் நியூயார்க்கின் கிரம்மன், வழிகாட்டும் கணினியின் வடிவமைப்பு மாசசூசெட்ஸின் எம்.ஐ.டி. உச்சத்தில் சுமார் 4 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். அதில் நாசாவின் சொந்த ஊழியர் 40,000-ஐக்கூடத் தொடவில்லை. மீதிப் பேர் ஒப்பந்த நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்தார்கள்.

கட்டளைக் கல ஒப்பந்தத்தில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. மதிப்பீட்டுக் குழுவின் புள்ளிகளில் மார்ட்டின் நிறுவனம் 6.9 வாங்கி முதலில் நின்றது. நார்த் அமெரிக்கன் 6.6. நாசா தலைவர் வெப், அவருக்கு அடுத்த நிலை அதிகாரிகளான டிரைடன், சீமன்ஸ் ஆகிய மூவரும் 1961 நவம்பரில் நார்த் அமெரிக்கனைத் தேர்ந்தெடுத்தார்கள். எக்ஸ்-15 ராக்கெட் விமானம் உட்பட, அந்த நிறுவனத்தோடு நாக்கா காலத்திலிருந்தே இருந்த அனுபவம் காரணமாகச் சொல்லப்பட்டது. பிறகு ஜான்சனின் பழைய செனட் உதவியாளர் பாபி பேக்கருக்குப் பங்குள்ள வென்டிங் மெஷின் நிறுவனம் அதே நார்த் அமெரிக்கன் ஆலைகளில் ஒப்பந்தம் பெற்றது வெளியே வந்தது. பேக்கர் 1963 அக்டோபரில் பதவி விலகினார். 1967-இல் வரி ஏய்ப்பு உள்ளிட்ட குற்றங்களில் தண்டிக்கப்பட்டார். அதிலிருந்து "ஜான்சன் சொல்லித்தான் நார்த் அமெரிக்கனுக்குப் போனது" என்று தாவ வேண்டாம். வெப் முன்பு செனட்டர் கெர்ரின் எண்ணெய் நிறுவனத்தோடு வேலை செய்தவர், நாசா பதவிக்கு அவரை முன்மொழிந்தவர்களில் கெர்ரும் ஜான்சனும் உண்டு என்பவை உண்மை. உறவு இருந்தது என்பது வேறு. உத்தரவு போனது என்பது வேறு.

கெர் பெயர் வந்ததால் இன்னொன்று. 1962 ஆகஸ்ட் 31 அன்று கையெழுத்தான தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் சட்டத்தையும் ஜான்சன் கணக்கில் எழுதுவார்கள். செனட்டில் அதைத் தூக்கிச் சுமந்தவர் கெர். பொதுப்பணத்தில் வளர்ந்த தொழில்நுட்பத்தைத் தனியாருக்குக் கொடுக்கிறார்கள் என்று சில ஜனநாயகக் கட்சி செனட்டர்களே பேசிப் பேசி முடக்கினார்கள். ஆகஸ்ட் 14 அன்று 63-27 வாக்கில் விவாதம் முடித்துவைக்கப்பட்டது. 1927-க்குப் பிறகு செனட்டில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. அதில் பிறந்த காம்சாட் நிறுவனத்தின் பங்குகளில் பாதி தொலைபேசி, தந்தி நிறுவனங்களுக்கு, பாதி பொதுமக்களுக்கு.

தொழில்துறை பற்றி எழுதுவோர் 1958 சட்டத்தின் 305-ஆவது பிரிவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நாசா ஒப்பந்தத்தின் கீழ் பிறக்கும் கண்டுபிடிப்பு, நாசா விட்டுக்கொடுத்தாலொழிய, அரசுக்கே சொந்தம் என்றது அது. பாதுகாப்புத் துறை அவ்வளவு கறாராக இல்லை. நிறுவனங்கள் பல ஆண்டு முணுமுணுத்த விஷயம் இது. ஏவுதள வாணவேடிக்கையில் யாரும் கவனிப்பதில்லை.

பணக் கணக்கு

மூன்று இடத்தில் கை தவறும். ஒன்று, நிதியாண்டு. அன்றைய அமெரிக்க நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. முடியும் ஆண்டின் பெயரில் அழைப்பார்கள். 1966 நிதியாண்டு என்றால் 1965 ஜூலையில் தொடங்கியது. நம் ஏப்ரல்-மார்ச் கணக்கோடு குழப்பினால் ஓர் அதிபரின் பணம் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

அடுத்தது, மூன்று விதமான தொகைகள். விண்வெளிக் குழுக்கள் தருவது ஒப்புதல்; ஒதுக்கீட்டுக் குழுக்கள் தருவது ஒதுக்கீடு; கஜானாவிலிருந்து உண்மையில் போவது செலவு. நாசா ஒதுக்கீட்டின் உச்சம் 1965 நிதியாண்டில், 5.25 பில்லியன் டாலர். செலவின் உச்சம் 1966-இல், 5.9 பில்லியன், மத்திய அரசின் மொத்தச் செலவில் சுமார் 4.4 சதவீதம். இரண்டு எண்ணையும் ஒரே வரைபடத்தில் கலந்து போட்டால் இல்லாத ஏற்ற இறக்கம் தெரியும்.

மூன்றாவது, நம் ஊர்ப் பிழை: ஒரு பில்லியன் 100 கோடி. 5.9 பில்லியன் டாலர் 590 கோடி டாலர், ரூபாய் இல்லை. ரூபாயில் சொல்லியே ஆக வேண்டுமென்றால் அந்த ஆண்டின் மாற்று விகிதத்தைப் போடுங்கள். 1966 ஜூனில் ரூபாய் மதிப்புக் குறைக்கப்பட்டு டாலர் 4.76-இலிருந்து 7.50 ஆனது. அந்த நிதியாண்டுக்குள்ளேயே இரண்டு விகிதம் வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிபர் ஜான்சன் விண்வெளிக்கு அள்ளிக்கொடுத்தார் என்பது

உச்சமும் அவர் காலத்தில்தான், வீழ்ச்சியும் அவர் காலத்தில்தான். 1960-கள் முடிவதற்குள் நிலவு என்று கென்னடி வைத்த காலக்கெடுவை அவர் தொடவில்லை. அப்பல்லோவின் கழுத்தை யாரும் நெரிக்க விடவில்லை. அதற்குப் பின் என்ன என்ற கேள்விக்குத்தான் பணம் தரவில்லை. வியட்நாம் போரும் உள்நாட்டு நலத்திட்டங்களும் ஒரே பையிலிருந்து பணம் கேட்டன. 1968 நிதியாண்டுக்கு நாசாவுக்காகக் கேட்கப்பட்ட 5.1 பில்லியனைக் காங்கிரஸ் சுமார் 4.6 பில்லியனாக வெட்டியபோது ஜான்சன் சண்டை போடவில்லை. 1968 ஆகஸ்டில் சாட்டர்ன்-5 தயாரிப்பு 15-ஓடு நிற்கட்டும் என்று வெப் முடிவெடுத்தார். அவற்றில் 13 பறந்தன. அடுத்து வந்த அதிபர் நிக்சன்தான் நிலவுத் திட்டத்தைக் கொன்றார் என்று எழுதுவோர், தயாரிப்பு நின்றது அவர் பதவியேற்கும் முன்பே என்பதைக் கவனிக்க வேண்டும்.

1967 ஜனவரி 27-ஐத் தனியாகக் குறித்துவையுங்கள். அன்று வாஷிங்டன், லண்டன், மாஸ்கோவில் விண்வெளி ஒப்பந்தம் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. வெள்ளை மாளிகையில் விழா. அதே மாலை புளோரிடாவின் கேப் கென்னடி ஏவுதளத்தில் ஒத்திகையின்போது அப்பல்லோ கலத்துக்குள் தீப்பிடித்து கிரிஸம், வைட், சாஃபி மூவரும் இறந்தார்கள். இரண்டையும் வெவ்வேறு அத்தியாயத்தில் எழுதிவிட்டு ஒரே நாள் என்பதை விட்டுவிடுகிறார்கள். அணு ஆயுதத்தைச் சுற்றுப்பாதையில் வைக்கத் தடை விதித்த அந்த ஒப்பந்தம், 'விண்வெளியைக் கட்டுப்படுத்துவது' பற்றி 1958-இல் பேசிய அதே மனிதரின் ஆட்சியில் வந்தது. என் கணக்கில் அவருடைய விண்வெளிப் பணிகளில் அதிக காலம் நிற்பது இதுதான்.

பெயர்கள்

1973-க்கு முந்தைய நிகழ்வுகளில் 'ஜான்சன் விண்வெளி மையம்' என்று எழுதாதீர்கள். அப்போது அதன் பெயர் மனித விண்கல மையம். ஜான்சன் 1973 ஜனவரி 22 அன்று இறந்த பிறகு பிப்ரவரியில்தான் பெயர் மாறியது. கேப் கனாவரல் 1963 இறுதி முதல் 1973 வரை கேப் கென்னடி. 'ஸ்பேஸ் டாஸ்க் குரூப்' என்ற பெயரில் இரண்டு உண்டு: 1958-இல் மெர்க்குரி என்ற முதல் மனித விண்பயணத் திட்டத்துக்காக லாங்லியில் ராபர்ட் கில்ருத் நடத்திய பொறியாளர் குழு ஒன்று, 1969-இல் துணை அதிபர் ஆக்னியூ தலைமையில் எதிர்காலத் திட்டம் போட்ட குழு மற்றொன்று. விண்வெளி மன்றமும் 1973-இல் கலைக்கப்பட்டு, 1989-இலும் 2017-இலும் மீண்டும் வந்தது. அப்பல்லோ-11 புறப்பட்ட 1969 ஜூலை 16 அன்று பார்வையாளர் மேடையில் ஜான்சனும் ஆக்னியூவும் இருக்கும் படத்துக்கு "அதிபர் ஜான்சன்" என்று தலைப்புப் போடுவதும் நடக்கிறது. அன்று அவர் முன்னாள் அதிபர்.

இந்தியத் தொடர்பைச் சேர்க்க விரும்புவோர் தும்பாவைச் சேர்க்கலாம், தேதியைப் பார்த்து. நாசா கொடுத்த நைக்கி-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து புறப்பட்டது 1963 நவம்பர் 21, கென்னடி கொல்லப்பட்டதற்கு முந்தைய நாள். எனவே அது ஜான்சன் ஆட்சியின் உதவி ஆகாது. அப்படிப்பட்ட ஒத்துழைப்புக்கு நாசாவுக்கு அனுமதி தந்தது 1958 சட்டத்தின் 205-ஆவது பிரிவு. அந்தச் சட்டத்தில் செனட்டர் ஜான்சனுக்குப் பங்கு உண்டு என்று எழுதலாம்.